பாரடைஸ் ஃபிஷ் வளக்கறது எப்படி, கூட யாரை விடலாம், யாரை விடவே கூடாது

பாரடைஸ் ஃபிஷ் வாங்கலாம்னு யோசிக்கறவங்க முதல்ல ஒன்னு மனசுல வச்சுக்கோங்க, இந்த மீனை உயிரோட வச்சிருக்கறது ரொம்ப ஈஸி, அது கூட இருக்கற மத்த மீனுங்களை உயிரோட வச்சிருக்கறதுதான் வேலையே. ஹீட்டர் இல்லாம இருக்கும், போட்டதை சாப்பிடும், தண்ணி கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் தாங்கும். ஆனா கூட கப்பி மாதிரி வாலு பெருசா இருக்கற ஒரு சின்ன மீனை விட்டீங்கன்னா ரெண்டு நாள்ல அதோட வாலு பாதிதான் இருக்கும். அதனால இதுல தொட்டி வைக்கறது பத்தியும் சொல்றேன், ஆனா அதிகமா பேசப்போறது கூட்டாளிங்களை தேர்ந்தெடுக்கறது பத்திதான்.

யார் இவன்னு தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். தெற்கு சீனா, தைவான், வடக்கு வியட்நாம் பக்கம் வயல், வாய்க்கால், குட்டை, மெதுவா ஓடற ஓடை இங்கெல்லாம் இருக்கற மீன். நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஃபைட்டர் மீனுக்கு நெருங்கின சொந்தம். செவுள் போக லேபிரிந்த்னு ஒரு உறுப்பு இருக்கு, அதை வச்சு மேல வந்து காத்தை நேரா இழுத்துக்கும், அதனாலதான் ஆக்சிஜன் கம்மியா இருக்கற கலங்கல் தண்ணியில கூட பொழைக்குது. 1869-லயே இதை சீனாவிலேருந்து பாரிஸுக்கு கப்பல்ல கொண்டு போயிருக்காங்க, அங்க பியர் கார்போனியேன்னு ஒருத்தர் தொட்டியில வச்சு குஞ்சும் எடுத்துட்டார். அந்த காலத்து கப்பல் பயணத்தை, ஏர் பம்ப்பும் இல்லாம ஹீட்டரும் இல்லாம தாண்டி வந்த மீன்னா எவ்வளவு கெட்டின்னு நீங்களே பாத்துக்கோங்க. இந்த கெட்டித்தனத்தை சாக்கா வச்சு சின்ன ஜாடியில போட்டு மேசை மேல வைக்கறவங்களும் இருக்காங்க, தாங்கும்ங்கறது வேற, நல்லா இருக்கும்ங்கறது வேற.

தொட்டி அளவு. ஒத்தை மீன் மட்டும்னா 40 லிட்டர், 60 சென்டிமீட்டர் நீளம், இதுக்கு கீழ போகாதீங்க. கூட வேற மீனும் வேணும்னா 80 லிட்டர்லேருந்து ஆரம்பிங்க, 100 இருந்தா நிம்மதி. உயரத்தை விட நீளம் முக்கியம், ஏன்னா இந்த மீன் சண்டைக்கு வரும்போது மத்த மீன் ஓடறதுக்கு தூரம் வேணும், உயரமான ஒடுக்கமான தொட்டியில ஓடி எங்க போகும், சுத்தி சுத்தி இவன் மூஞ்சியிலயே வந்து முட்டும். வாலோட சேத்து 8 லேருந்து 10 சென்டிமீட்டர் வரை வளரும், கடையில பாக்கறப்ப குட்டியா வெளிறிப்போய் இருக்கும், அதை வச்சு ஏமாந்துடாதீங்க.

மூடி கட்டாயம். சும்மா மூடி இல்ல, ஒயர் போற ஓட்டை, பில்டர் குழாய் போற இடம் எல்லாத்தையும் ஸ்பான்ஜ் வச்சு அடைச்சுடுங்க, குதிக்கறதுல கில்லாடி இது. அதே சமயம் தண்ணியை விளிம்பு வரைக்கும் ரொப்பாதீங்க, மேல நாலஞ்சு சென்டிமீட்டர் காலி விடுங்க, அந்த இடத்துல நிக்கற வெதுவெதுப்பான ஈரக் காத்தைத்தான் இது இழுக்குது. மேல்தண்ணி மொத்தமும் செடி மூடிக்காம கொஞ்சம் திறந்த இடமும் இருக்கட்டும்.

பில்டர் மெதுவா ஓடணும். ஸ்பான்ஜ் பில்டர் ஒன்னு போட்டு ஏர் பம்ப்பை குறைச்சு வச்சா போதும். தொட்டி விளிம்புல மாட்டற ஹேங் ஆன் பில்டர்தான் இருக்குன்னா தண்ணி விழற இடத்துல ஒரு ஸ்பான்ஜை வச்சு வேகத்தை உடைச்சுடுங்க. மீன் ஒரே மூலையில ஒதுங்கி நிக்குது, நடுவுல வந்தா துடுப்பை அடிச்சு அடிச்சு நிலையா நிக்க பாடுபடுதுன்னா ஓட்டம் ஜாஸ்தின்னு அர்த்தம்.

வெப்பநிலை 18 லேருந்து 26 டிகிரிக்குள்ள நல்லா இருக்கும், இதுக்கு கீழ கொஞ்சம் இறங்கினாலும் சமாளிச்சுக்கும். இதுல ஒரு விஷயம் நிறைய பேர் கவனிக்கறதில்ல: தண்ணி சூடு ஏற ஏற இந்த மீனுக்கு முட்டை போடற நினைப்பு வரும், அந்த நினைப்பு வந்தா கோபமும் வரும். மத்த மீன்களோட வச்சிருந்தீங்கன்னா 20, 22 டிகிரி பக்கம் வச்சுக்கோங்க, அதே மீன் ரொம்ப அடக்கமா இருக்கும். பிஹெச் 6 லேருந்து 8 வரை எதுவா இருந்தாலும் ஓகே, கடின தண்ணி மென் தண்ணின்னு மண்டையை உடைச்சுக்க வேணாம். ஆனா புது தொட்டியில உடனே மீனை போடாதீங்க, பில்டர்ல மீன் கழிவை சிதைக்கற பாக்டீரியா செட்டாக நாலு லேருந்து ஆறு வாரம் ஆகும், அமோனியா நைட்ரைட் ரெண்டும் டெஸ்ட் கிட்ல பூஜ்யம் காட்டின அப்புறம்தான் மீன். அப்புறம் வாரா வாரம் கால்வாசி தண்ணி மாத்துங்க, குழாய் தண்ணின்னா குளோரினை எடுக்கற டீகுளோரினேட்டர் மருந்து போட்டு. காத்தை இழுக்கற மீனாச்சே, அழுக்கு தண்ணியில கிடந்தா என்னன்னு கேக்கறாங்க சில பேர், மூச்சுக்கு ஒன்னும் ஆகாது, அமோனியா செவுளையும் தோலையும் எரிக்குமே, அதுக்கு என்ன பண்றது.

செடி நிறைய வைங்க, இது அழகுக்காக சொல்லலை. பார்வை மறையணும், அதுதான் கணக்கு. பாரடைஸ் ஃபிஷ் கண்ணுல படறதை துரத்தும், படாததை மறந்துடும். வாலிஸ்நேரியா, ஹார்ன்வொர்ட் மாதிரி வேகமா வளர்றதை பின்னாடியும் நடுவுலயும் அடர்த்தியா விடுங்க, ஜாவா ஃபெர்னை ஒரு மரக்கட்டையில கட்டி தொட்டியை ரெண்டா பிரிக்கற மாதிரி குறுக்க வைங்க, மேல சால்வீனியா கொஞ்சம் மிதக்கட்டும். தொட்டிக்கு முன்னாடி உக்காந்து பாருங்க, ஒரு கோடியிலேருந்து இன்னொரு கோடி நேரா தெரிஞ்சுதுன்னா இன்னும் செடி பத்தலை.

சாப்பாடு பிரச்சனையே இல்ல. வாய் மேல பாத்து இருக்கற மீன், அதனால மிதக்கற பெல்லட் நல்லது, புரோட்டீன் அதிகமா இருக்கறதா பாத்து வாங்குங்க. கூடவே வாரத்துல ரெண்டு மூணு தடவை ஃப்ரோஸன் பிளட்வொர்ம், டாஃப்னியா, ஆர்டீமியா (ரெண்டும் பொடி இறால் மாதிரி உயிருங்க), கிடைச்சா கொசுப்புழு. கொசுப்புழுவை பாத்துச்சுன்னா இந்த மீன் வேற மீனாயிடும், உடம்பை லேசா வளைச்சு, அசையாம நின்னு, கண்ணு மட்டும் உருள, திடீர்னு ஒரே பாய்ச்சல். ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவு, வாரத்துல ஒரு நாள் பட்டினி. சின்ன நத்தை, ஹைட்ரா, பிளானேரியாங்கற தட்டைப்புழு இதெல்லாம் தொட்டியில பெருகி தொல்லையா இருந்தாலும் இவன் பாத்துப்பான்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

முதல் விதி, ஒரு தொட்டிக்கு ஒரு ஆண். ரெண்டு ஆணை விட்டா ஒன்னு செத்துப்போற வரைக்கும் கூட அடிச்சுக்கும், பெரிய தொட்டின்னா கொஞ்சம் தள்ளிப்போகும் அவ்வளவுதான். ஆணை எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, முதுகு துடுப்பும் அடி துடுப்பும் கூர்மையா நீண்டு இருக்கும், வாலோட ரெண்டு நுனியும் இழை மாதிரி ஓடும், நீலமும் சிவப்பும் பட்டை பட்டையா பளிச்சுனு இருக்கும். பெண்ணுக்கு அதே பட்டை மங்கலா, துடுப்பு குட்டையா, வயிறு உருண்டையா இருக்கும். ரொம்ப குட்டியில வித்தியாசம் தெரியாது, அதனால கடையில நாலு குட்டி அள்ளிட்டு வந்து ஒன்னா வளத்தா கொஞ்ச மாசத்துல சண்டை ஆரம்பிக்கும்போதுதான் எத்தனை ஆண்னு கணக்கு தெரியும்.

மத்த மீன்களோட வைக்கணும்னா என் ஓட்டு ஒத்தை பெண் மீனுக்குத்தான். கலர் கம்மிதான், ஆனா குணம் எவ்வளவோ தேவலை, தனியா இருக்கற பெண் நல்லா நெறமும் காட்டும். ஜோடி வேணும்னா 100 லிட்டருக்கு மேல, செடி அடர்த்தியா, எதுக்கும் பெண்ணை பிரிச்சு வைக்க இன்னொரு தொட்டி தயாரா இருக்கணும். பெண்ணுங்க ரெண்டு மூணு சேர்ந்தாலும் சின்னதா உரசிக்கும், ஆனா பெரும்பாலும் மிரட்டலோட நிக்கும்.

ரெண்டாவது, யாரை விடலாம்னு பாக்கறப்ப பேரை மனப்பாடம் பண்றதை விட நாலு கேள்வி கேளுங்க. பாரடைஸ் ஃபிஷ்ஷோட வாய்க்குள்ள போகாத அளவு பெருசா? இவன் துரத்தினா தப்பிக்கற அளவு வேகமா? தொங்கற மாதிரி நீளமான வாலு துடுப்பு இல்லாம இருக்கா? 20, 22 டிகிரியில சந்தோஷமா இருக்குமா? நாலுக்கும் ஆமான்னா யோசிக்கலாம். கடைசி கேள்வியை எல்லாரும் விட்டுடறாங்க, பாரடைஸ் ஃபிஷ் குளிர் தாங்குதேன்னு 28 டிகிரி கேக்கற மீனை கூட போட்டு அது நோய் பிடிச்சு போயிடும், பழி இவன் மேல விழும்.

இதுல நல்லா பாஸாகறது டேனியோ கூட்டம். ஜெயன்ட் டேனியோ முதல் தேர்வு, 10 சென்டிமீட்டர் வரும், நிக்கவே நிக்காது, பாரடைஸ் ஃபிஷ் துரத்த ஆரம்பிச்சு பாதியில சலிச்சுப்போயிடும், ஆனா அதுக்கு ஓட 100 லிட்டருக்கு மேல நீளமான தொட்டி வேணும். சின்ன தொட்டிக்கு ஜீப்ரா டேனியோ, நல்லா வளந்ததா பாத்து வாங்குங்க, குட்டி சைஸ்ல விட்டா தீனிதான், லாங் ஃபின் வகையும் வேணாம். அடுத்தது ரோசி பார்ப், குளிர்ச்சியான தண்ணியும் பிடிக்கும், உடம்பும் கெட்டி, அடிச்சா திருப்பி நிக்கும். எதை வாங்கினாலும் ஒன்னு ரெண்டு வாங்காதீங்க, ஆறுக்கு குறையாம வாங்குங்க. கூட்டமா இருந்தா துரத்தலும் பங்கு பிரிஞ்சுடும், ஒரே மீன் மாட்டிக்கிட்டு சாகாது.

அடியில இருக்கறதுல கோரிங்கற குட்டி கெளுத்தி வகை நல்லாவே ஒத்துப்போகும், முக்கியமா பெப்பர்டு கோரியும் ப்ரான்ஸ் (Bronze) கோரியும், ரெண்டும் இந்த வெப்பநிலைக்கு சரியா வரும். மேல இருக்கற மீன் இவன், கீழ பொறுக்கற மீன் அது, சந்திக்கறதே சாப்பாட்டு நேரத்துலதான். ஆனா முழுசா வளந்த கோரியா இருக்கணும், குட்டி கோரியை முழுங்க பாத்தா அதோட முள்ளு தொண்டையில மாட்டி ரெண்டுக்கும் ஆபத்து. பிரிசில்நோஸ் பிளெக்கோவும் நல்ல கூட்டாளி, கவசம் மாதிரி உடம்பு, ராத்திரி வேலை, 12 சென்டிமீட்டரோட நின்னுடும். இதுக்கு பதிலா கடையில சக்கர்னு தர சாதா பிளெக்கோவை வாங்கிடாதீங்க, அது ஒரு அடிக்கு மேல வளரும். டோஜோ லோச் குளிர் தண்ணி மீன், சாது, ஆனா 15 சென்டிமீட்டரை தாண்டி வளரும்ங்கறதால பெரிய தொட்டிக்காரங்களுக்கு மட்டும்.

விடவே கூடாததுல முதல் இடம் சொந்தக்காரங்களுக்கு. ஃபைட்டர், ட்வார்ஃப் கௌராமி, ஹனி கௌராமி எதுவும் வேணாம், எல்லாமே மேல்தண்ணிக்கு வந்து காத்தை இழுக்கற மீனுங்க, அதே இடத்துக்குத்தான் இவனும் வருவான், உருவமும் ஒத்துப்போகறதால போட்டின்னு நினைச்சுப்பான். கப்பி, ஏஞ்சல், ஃபேன்சி கோல்ட்ஃபிஷ் எல்லாம் மெதுவா ஆடி அசைஞ்சு வர்றதுங்க, வாலு பிஞ்சுடும். கோல்ட்ஃபிஷ்ஷும் குளிர் தண்ணி மீன்தானேன்னு நிறைய பேர் இந்த ஜோடியை போடறாங்க, ஃபேன்சி கோல்ட்ஃபிஷ் நீந்தற வேகத்துக்கு இவன்கிட்டேருந்து தப்பிக்கவே முடியாது. நியான் டெட்ரா மாதிரி பொடிசுங்க ஒவ்வொன்னா எண்ணிக்கை குறையும், பொணம் கூட கிடைக்காது. டைகர் பார்ப் வேற கதை, அங்க அடி வாங்கறது இவன்தான், கூட்டமா வந்து அந்த நீள வாலை கடிச்சு துப்பிடும். செர்ரி இறால் வளக்கறவங்க தயவுசெஞ்சு இந்த பக்கமே வராதீங்க. பெரிய நத்தை சில பாரடைஸ் ஃபிஷ்ஷோட பொழைச்சுக்கும், சிலது நத்தையோட மீசையை கடிச்சு கடிச்சு வெளிய வரவே விடாது.

சிக்ளிட் மாதிரி சண்டைக்கார மீனை போட்டா சரிக்கு சரியா இருக்கும்ல அப்படின்னு ஒரு கேள்வி வரும். சரிக்கு சரியா இருக்கறது நமக்கு வேடிக்கை, மீனுங்களுக்கு தினமும் போர்க்களம். வேணாம்.

விடற வரிசை ரொம்ப முக்கியம். மத்த மீனெல்லாம் முதல்ல போய் செட்டாகட்டும், அதுங்களுக்கு ஒளியற இடம் பழகட்டும், ரெண்டு வாரம் கழிச்சு கடைசியா பாரடைஸ் ஃபிஷ்ஷை விடுங்க. இதை முதல்ல விட்டா மொத்த தொட்டிக்கும் பட்டா போட்டுக்கும், அப்புறம் வர்றவன் எல்லாம் அத்துமீறி நுழைஞ்சவன்தான். ஏற்கனவே தொட்டியில இருக்குன்னா, கல்லு கட்டை செடி எல்லாத்தையும் இடம் மாத்திட்டு, இவனுக்கு வயிறு நிறைய போட்டுட்டு, லைட்டை அணைச்சு, சாயங்காலமா புது மீனை விடுங்க, காலையில எழுந்திரிக்கும்போது இவனுக்கே தொட்டி புதுசா இருக்கும். எந்த புது மீனா இருந்தாலும் மூணு வாரமாவது தனி தொட்டியில வச்சு நோய் இல்லைன்னு பாத்துட்டு சேருங்க.

முதல் வாரம் உக்காந்து பாருங்க, ஃபோனை கீழ வச்சுட்டு. இவன் கோபத்தை படிக்கறது கஷ்டமில்ல. எதிராளிக்கு பக்கவாட்டுல வந்து நிப்பான், எல்லா துடுப்பையும் விரிப்பான், செவுள் மூடி விரியும், கலர் கருத்து ஏறும், வாலை அடிச்சு தண்ணியை அது மேல தள்ளுவான். இந்த கட்டத்துல எதிராளி துடுப்பை மடக்கிட்டு நகந்துட்டா அதோட முடிஞ்சுது, இது தினமும் நடக்கும், பயப்பட வேணாம். ஆனா ஒரே மீனை திரும்ப திரும்ப தேடிப்போய் துரத்தறது, அந்த மீன் வெளிறிப்போய் மேல் மூலையில பில்டர் பின்னாடி ஒட்டிக்கிட்டு சாப்பாட்டுக்கு கூட வராம இருக்கறது, செதில் உதிர்ந்த இடம் வெள்ளையா தெரியறது, இதுல ஏதாவது ஒன்னை பாத்தா அன்னைக்கே பிரிச்சுடுங்க, நாளைக்கு சரியாகிடும்னு காத்திருக்காதீங்க. அதுக்குத்தான் இன்னொரு சின்ன தொட்டி, ஒரு ஸ்பான்ஜ் பில்டரோட, எப்பவும் ரெடியா இருக்கணும்னு சொல்றேன். ஒவ்வொரு பாரடைஸ் ஃபிஷ்ஷும் ஒரு குணம், ஒன்னு டேனியோ கூட்டத்துக்கு நடுவுல பூனைக்குட்டி மாதிரி படுத்திருக்கும், இன்னொன்னு கோரியை கூட நிம்மதியா விடாது, அப்படி ஒன்னு வாய்ச்சா அதுக்கு தனி தொட்டி குடுத்துடுங்க, தனியா இருக்கறது அதுக்கு தண்டனை இல்ல.

ஜோடி வச்சிருந்தா ஒரு நாள் மேல்தண்ணியில, ஒரு இலைக்கு கீழ, நுரை சேந்திருக்கறதை பாப்பீங்க. அது ஆண் கட்டற நுரைக்கூடு. காத்தை வாயில எடுத்து எச்சிலோட குமிழி குமிழியா துப்பி கட்டும். அந்த நிமிஷத்துலேருந்து அந்த மூலைக்கு யார் வந்தாலும் அடிதான், மத்த மீனுங்க இருக்கற தொட்டின்னா குஞ்சு ஆசையை விட்டுட்டு வெப்பநிலையை ரெண்டு டிகிரி மெதுவா இறக்குங்க. குஞ்சு வேணும்னா தனி தொட்டியில தண்ணியை 15, 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு குறைச்சு, 26 டிகிரி வச்சு, பெண் ஒளிய நிறைய பாசி போட்டு விடுங்க. ஆண் பெண்ணை சுத்தி வளைச்சு கட்டிக்கும், முட்டை தானா மேல மிதந்து வரும், தவறினதை ஆண் வாயில பொறுக்கி கூட்டுல வைக்கும். முட்டை போட்டு முடிஞ்ச உடனே பெண்ணை எடுத்துடணும், இல்லைன்னா அடி வாங்கியே போயிடும். ஒன்னு ரெண்டு நாள்ல பொரிக்கும், அதுக்கப்புறம் ரெண்டு மூணு நாள்ல குஞ்சுங்க கூட்டை விட்டு நீந்த ஆரம்பிக்கும், அப்ப ஆணையும் எடுத்துடுங்க, அதுவரைக்கும் நல்ல அப்பனா இருந்தவன் அப்புறம் அதுங்களையே தின்னுடுவான்.

குஞ்சுக்கு முதல் வாரம் இன்ஃபுசோரியா, அதாவது தண்ணியில இருக்கற கண்ணுக்கு தெரியாத நுண்ணுயிர், அப்புறம் முட்டையிலேருந்து அப்பதான் வெளிய வந்த ஆர்டீமியா குஞ்சு. லேபிரிந்த் உறுப்பு வளர சில வாரம் ஆகும், அந்த நேரத்துல மேல இருக்கற காத்து குளிர்ந்துடக்கூடாது, மூடியை இறுக்கமா வைங்க. ஒரு தடவைக்கு நூத்துக்கணக்குல குஞ்சு வரும், எல்லாமே பொழைச்சா ரெண்டு மூணு மாசத்துல ஆணுங்க ஒன்னையொன்னு கடிக்க ஆரம்பிக்கும், அத்தனைக்கும் தனி தொட்டி யார்கிட்டயும் இருக்காது. அதனால யாருக்கு குடுக்கப்போறோம்னு பேசி வச்சுட்டு அப்புறம் ஜோடி சேருங்க. மீதியானதை பக்கத்து குளத்துலயோ வாய்க்கால்லயோ மட்டும் கொட்டிடாதீங்க, குளிரும் தாங்கும், அழுக்கு தண்ணியும் தாங்கும், கண்ணுல பட்டதை தின்னும், அங்க ஏற்கனவே இருக்கற சின்ன மீனுங்களுக்கு இவன்கிட்டேருந்து தப்பிக்க வழி கிடையாது.